தொண்டரின் வாக்கு: அ.தி.மு.க. வழக்குகள் தொடாமல் விட்ட கேள்வி

2023 மார்ச் 17 அன்று அ.தி.மு.க. தன் பொதுச் செயலாளர் தேர்தலை அறிவித்தது. மனுத்தாக்கலுக்கு 18, 19 என இரண்டே நாட்கள். வாக்குப்பதிவு 26ஆம் தேதி என்று சொல்லப்பட்டது. களத்தில் நின்றவர் எடப்பாடி கே. பழனிசாமி ஒருவரே. முடிவை அறிவிக்க உயர் நீதிமன்றம் தற்காலிகமாகத் தடை போட்டிருந்தது. மார்ச் 28இல் நீதிபதி கே. குமரேஷ் பாபு ஓ. பன்னீர்செல்வம் தரப்பின் மனுக்களைத் தள்ளுபடி செய்தார். அன்றே பழனிசாமி பொதுச் செயலாளராக அறிவிக்கப்பட்டார். நாளேடுகள் இதைத் தலைமைச் சண்டையின் முடிவாக எழுதின. அந்தத் தேர்தலின் தகுதி விதியை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. போட்டியிட விரும்புகிறவர் பத்தாண்டு அடிப்படை உறுப்பினராகவும் ஐந்தாண்டு தலைமைக் கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும். அவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். கட்சியின் அமைப்பு மாவட்டங்கள் அப்போது எழுபத்தைந்தை ஒட்டியிருந்தன. ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடுவார் என்று வைத்துக்கொண்டால், அத்தனை பெரிய கட்சியில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் மூன்று பேர்தான் போட்டியிட முடியும். மாவட்டச் செயலாளரை நீக்கும் அதிகாரம் பொதுச் செயலாளரிடம் இருக்கும்போது, அந்த மூன்றும் நடைமுறையில் ஒன்றாகிவிடும்.

இந்த விதி எந்தக் கட்சியில் வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உட்கட்சி நிர்வாகம் பற்றிய ஒரு சண்டையிலேயே பிறந்த கட்சி அ.தி.மு.க. அந்தச் சண்டையின் தடங்கள் சென்னையின் தெற்கு ஓரத்தில்தான் கிடக்கின்றன. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் பரங்கிமலையில்தான் எம்.ஜி.ஆர். 1967இலும் 1971இலும் சட்டமன்ற உறுப்பினரானார். தி.மு.க.வின் பொருளாளராக இருந்த அவர் 1972 அக்டோபர் 8 அன்று செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தில் கணக்குக் கேட்டுப் பேசினார். மேலே உள்ளவர்கள் முதல் வட்டம், கிளை நிர்வாகிகள் வரை சொத்துக்கணக்கைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. இரண்டே நாளில் அவர் மீது நடவடிக்கை வந்தது. 17ஆம் தேதி புதுக்கட்சி பிறந்தது. அதன் பெயர்கூட ஒரு சாதாரணத் தொண்டரிடமிருந்து வந்ததுதான். அனகாபுத்தூர் ராமலிங்கம் தொடங்கிய அ.தி.மு.க.வில் தான் சேர்ந்துகொண்டதாகத்தான் எம்.ஜி.ஆர். சொன்னார். அனகாபுத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. பொதுச் செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்சியின் சட்டதிட்டம் சொல்கிறது. எந்த விதியையும் திருத்தப் பொதுக்குழுவுக்கு உரிமை உண்டு என்று கூறும் 43ஆவது விதி, இந்த ஒன்றை மட்டும் கட்சியின் அடிப்படைக் கட்டமைப்பு என்று சொல்லித் திருத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. இந்தியாவின் பெரிய கட்சிகளில் தொண்டருக்கு இவ்வளவு தெளிவான வாக்குறுதி தந்தவை மிகக் குறைவு. அதே கட்சியில் இன்று ஓர் அனகாபுத்தூர் ராமலிங்கம் பொதுச் செயலாளர் பதவிக்கு மனு போட முடியாது. ஐந்தாண்டு தலைமைக் கழகப் பதவிக்கும் இருபது மாவட்டச் செயலாளர்களின் கையெழுத்துக்கும் அவர் எங்கே போவார்?

என் வாதம் இதுதான். 2017 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தேர்தல் ஆணையத்திலும் நீதிமன்றங்களிலும் நடந்த அ.தி.மு.க. வழக்குகள், கட்சியில் யாருக்குப் பெரும்பான்மை என்று கேட்டு விடை கண்டன. அந்தப் பெரும்பான்மையை எங்கே அளப்பது என்ற கேள்வி கடைசிவரை ஆராயப்படவில்லை. அளந்த இடம் பொதுக்குழு. பொதுக்குழுவோ தலைமையின் கையால் ஆன அமைப்பு. அங்கே எடுத்த கணக்கு தலைமையின் பலத்தைக் காட்டும். தொண்டரின் மனதை அது காட்டாது.

வாக்குறுதி ஏட்டில் இருந்ததே தவிர, வாக்குச்சீட்டாகத் தொண்டரின் கைக்கு வரவில்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்ததும் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா அணி 27 இடங்களிலும், இரட்டைப் புறா சின்னத்தில் நின்ற ஜானகி அணி இரண்டே இடங்களிலும் வென்றன. ஜானகி ஒதுங்கிக்கொண்டார், அணிகள் இணைந்தன. அன்று தலைவரைத் தேர்ந்தெடுத்தது பொதுவாக்காளர்தான், கட்சி உறுப்பினர் அல்ல. பிறகு ஜெயலலிதா ஒவ்வொரு முறையும் போட்டியின்றித் தேர்வானார். 2014 ஆகஸ்டில் நடந்தது ஏழாவது முறை. அவர் மறைந்த அதே 2016 டிசம்பர் மாத இறுதியில் வானகரத்தில் கூடிய பொதுக்குழு வி.கே. சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளராக நியமித்தது. 2011 டிசம்பரில் நீக்கப்பட்டு 2012 மார்ச் இறுதியில் மீண்டும் சேர்க்கப்பட்டவருக்கு ஐந்தாண்டுத் தொடர் உறுப்பினர் தகுதி உண்டா என்ற கேள்வி எழுந்தபோது மண்டபத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்பதே மாதத்தில், 2017 செப்டம்பர் 12 அன்று, அதே வானகரத்தில் கூடிய பொதுக்குழு அந்த நியமனத்தை ரத்து செய்தது. ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்றது. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகளை உண்டாக்கியது. 43ஆவது விதி பூட்டி வைத்திருந்த பதவி அன்று காணாமல் போனது. பன்னீர்செல்வம், பழனிசாமி இருவருமே அந்தத் தீர்மானத்தின் பங்காளிகள். பின்னாளில் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றி இரு தரப்பும் நீதிமன்றத்தில் உருக்கமாக வாதாடின. அதைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

2021 டிசம்பரில் இரட்டைத் தலைமைக்கும் ஒரு தேர்தல் அறிவிக்கப்பட்டது. 1ஆம் தேதி கூடிய செயற்குழு, இரு பதவிகளுக்கும் சேர்த்து அடிப்படை உறுப்பினர்கள் ஒரே வாக்கில் இருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று விதியைத் திருத்தியது. அதன் பொருள், ஒருவரை ஏற்று மற்றவரை மறுக்கும் உரிமை உறுப்பினருக்கு இல்லை என்பதே. ராயப்பேட்டைத் தலைமைக் கழகத்துக்கு மனு வாங்க வந்த தொண்டர் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. 6ஆம் தேதி பன்னீர்செல்வமும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அதன் பிறகு கிளை முதல் மாவட்டம் வரையிலான அமைப்புத் தேர்தல்கள் 2022 ஏப்ரல் வரை நடந்தன. மாவட்டச் செயலாளர்களில் பெரும்பாலோர் போட்டியின்றியே வந்தார்கள். இப்படி அமைந்த பொதுக்குழுதான் 2022 ஜூன் 23 அன்று வானகரத்தில் கூடியது. முந்தைய இரவு தனி நீதிபதி பொதுக்குழுவுக்குத் தடை விதிக்க மறுத்ததும், மேல்முறையீட்டை நள்ளிரவு தாண்டி அண்ணா நகரில் உள்ள நீதிபதி எம். துரைசாமியின் வீட்டில் இரு நீதிபதிகள் விசாரித்தார்கள். 23 வரைவுத் தீர்மானங்களைத் தவிர வேறெதையும் முடிவு செய்யக் கூடாது என்று அதிகாலையில் உத்தரவானது. பொழுது விடிந்து கூடிய பொதுக்குழு அந்த 23 தீர்மானங்களையும் நிராகரித்தது. பன்னீர்செல்வம் வெளியேறியபோது மேடையை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11 காலையில் நீதிமன்றம் அனுமதித்த சில நிமிடங்களில் மறுபடியும் பொதுக்குழு கூடியது. பழனிசாமி இடைக்காலப் பொதுச் செயலாளர் ஆனார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார், தகுதி விதிகள் திருத்தப்பட்டன. அதே நேரத்தில் ராயப்பேட்டையில் கற்கள் பறந்தன. கட்சி அலுவலகத்துக்கு வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள்.

அடுத்து வந்த தீர்ப்புகளில் நின்று யோசிக்க வைப்பது நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் 2022 ஆகஸ்ட் 17இல் தந்ததுதான். ஜூன் 23க்கு முந்தைய நிலை தொடர வேண்டும் என்றார். இருவரும் சேர்ந்தே பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், முடியாவிட்டால் நீதிமன்றம் ஆணையரை அமர்த்தித் தரும் என்றார். கட்சி தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஒன்றரைக் கோடி அடிப்படை உறுப்பினர்களின் விருப்பத்தைப் பொதுக்குழுவின் விருப்பமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில்தான் எழுந்தது. செப்டம்பர் 2இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் முடிவை உறுதி செய்தது. ஆனால் அது பொதுக்குழு முறைப்படி கூட்டப்பட்டதா என்பதோடு நின்றுகொண்டது. தீர்மானங்கள் செல்லுமா என்பதை உரிமையியல் வழக்குகளுக்கே விட்டுவிட்டது. கட்சியின் 2,665 பொதுக்குழு உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையினர் பழனிசாமி பக்கம் என்பதில் சந்தேகமில்லை. நீதிமன்றங்கள் சட்டப்படி தவறு செய்தன என்று நான் சொல்லவில்லை. 1969இல் காங்கிரஸ் உடைந்த பிறகு, சாதிக் அலி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழி, கட்சி அமைப்பிலும் சட்டமன்றங்களிலும் பெரும்பான்மை யாரிடம் என்று எண்ணிப் பார்ப்பது. 1968இன் சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்தி அந்த அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குத் தருகிறது. எண்ணுவதற்குக் கைவசம் பொதுக்குழுவின் பட்டியல்தான் இருந்தது. அடிப்படை உறுப்பினர்களின் பட்டியலை எந்தத் தரப்பும் நம்பத் தகுந்த வடிவில் மேசை மேல் வைக்கவில்லை. இல்லாத பட்டியலை நீதிபதி எப்படி எண்ணுவார்?

அந்தப் பட்டியல் ஏன் இல்லை என்பதற்குத் தாம்பரம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளுடன் மாநகராட்சி உருவானது. எந்தக் கட்சியானாலும் நகரச் செயலாளர், பேரூர்ச் செயலாளர் பதவிகள் போய், பகுதிச் செயலாளர், வட்டச் செயலாளர் பதவிகள் வந்தன. யாருக்கு எந்தப் பகுதி, எந்த வட்டம் எதில் சேரும் என்பதை வார்டில் உள்ள உறுப்பினர் தீர்மானிக்கவில்லை. மாவட்டச் செயலாளரின் பரிந்துரையில் தலைமை தீர்மானித்தது. மாவட்டத்தின் எல்லையையும் தலைமைதான் போடுகிறது. வருவாய்த் துறை வரைபடத்தில் தாம்பரம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். தி.மு.க. வரைபடத்தில் அது தா.மோ. அன்பரசனின் காஞ்சிபுரம் வடக்கு. அ.தி.மு.க.வில் செங்கல்பட்டு கிழக்கு, மேற்கு, சென்னைப் புறநகர் என்று தனி எல்லைகள். ஒருவரைச் சமாதானப்படுத்த மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பதும், இன்னொருவரின் சிறகை வெட்ட இரண்டு தொகுதிகளைப் பிரித்தெடுப்பதும் எல்லாக் கட்சிகளிலும் வாடிக்கை. மாவட்டச் செயலாளர்களின் கையெழுத்தே வேட்பாளரை முடிவு செய்யும் என்றால், மாவட்டங்களின் எண்ணிக்கையை மாற்றுகிறவர் தேர்தல் முடிவையும் மாற்ற முடியும்.

உறுப்பினர் பட்டியலும் இந்தக் கைகளின் வழியாகத்தான் உருவாகிறது. தலைமைக் கழகத்திலிருந்து படிவங்கள் கட்டுக்கட்டாக மாவட்டத்துக்கு வரும். அங்கிருந்து பகுதி, வட்டம் என்று கீழே இறங்கும். ஒவ்வொரு நிர்வாகிக்கும் இலக்கு உண்டு. உறுப்பினர் கட்டணம் பத்து ரூபாய்தான் என்றாலும், பல இடங்களில் அதைக் கட்டுகிறவர் உறுப்பினர் அல்ல, பதவியைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் நிர்வாகியே. வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயரும் வயதும் எழுதி நிரப்பிய படிவத்துக்கும், தானே விரும்பிச் சேர்ந்தவரின் படிவத்துக்கும் மேலிடத்தில் வித்தியாசம் தெரியாது. ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் என்று நீதிமன்றத்தில் சொன்ன கட்சி, 2024 மக்களவைத் தேர்தலில் பெற்றது ஏறத்தாழ 20.5 சதவீத வாக்கு. எண்ணிக்கையில் அது ஒரு கோடியைத் தொடவில்லை. எல்லாத் தொகுதியிலும் அது போட்டியிடவில்லை என்று கழித்துப் பார்த்தாலும், உறுப்பினர் எண்ணிக்கை வாக்கு எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருக்கும் கட்சியின் பட்டியலை யார் நம்புவார்கள்?

இதற்கு வரும் முதல் எதிர்வாதம், கட்சி என்பது மனமொத்தவர்கள் கூடிய சங்கம், அதன் வீட்டு விவகாரத்தில் அரசும் நீதிமன்றமும் ஏன் தலையிட வேண்டும் என்பது. சட்டமும் ஓரளவு அப்படித்தான் நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்ய வழி செய்கிறது. ஆனால் விதியை மீறிய கட்சியின் பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. ஆனாலும் வருமான வரி விலக்கு, ஒதுக்கப்பட்ட சின்னம், தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் எல்லாம் பெறும் அமைப்பைச் சாதாரண மனமகிழ் மன்றத்தோடு வைக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் பதவியே போகும். கட்சித் தலைமைக்குச் சட்டமன்றத்துக்குள் அரசியலமைப்பே இவ்வளவு அதிகாரம் கொடுத்த பிறகு, அந்தத் தலைமை எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாதவருக்கும் உண்டு. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகக் கொள்கைகளுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1949இலேயே எழுதிவிட்டது. நம் சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் ஏறக்குறைய அதையே பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. 1989இல் மக்களே தீர்ப்புச் சொன்னார்களே, தலைவரைத் தேர்வு செய்ய அதைவிட நல்ல வாக்கெடுப்பு உண்டா என்பார்கள். பன்னீர்செல்வம் 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் தோற்றதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பொதுவாக்காளர் ஒரு கட்சியை இன்னொரு கட்சிக்கு எதிரே வைத்து நிறுக்கிறார். அவர் தருவது ஆட்சிக்கான தீர்ப்பு. 2024இல் அ.தி.மு.க. ஓரிடத்திலும் வெல்லவில்லை. அதைப் பழனிசாமியின் தலைமைக்கு எதிரான தீர்ப்பு என்று அவர் தரப்பு ஏற்றுக்கொண்டதா? தோல்வி ஒருவரை மட்டும் அகற்றும், மற்றவரை அசைக்காது என்றால், அந்த உரைகல்லைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் பொருள்.

உண்மையான போட்டி கட்சியை உடைக்கும், பணமும் சாதியும் உள்ளே வரும் என்ற அச்சம் மூன்றாவது. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் அனுபவத்தை இதற்குச் சாட்சியாகக் காட்டலாம். 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் நடந்த தலைவர் தேர்தலில் சி. சிறீதரன் 184 வாக்கும் எம்.ஏ. சுமந்திரன் 137 வாக்கும் பெற்றார்கள். நம் கட்சிகளில் காண முடியாத காட்சி அது. அடுத்த மாதமே வழக்கு வந்து, தேர்வானவர் பொறுப்பேற்க முடியாமல் போனது. ஆனால் அந்த வழக்கின் வேர், வாக்களித்த பொதுச்சபையினர் கட்சியின் யாப்புப்படி தெரிவானவர்களா என்பது. பட்டியலில்தான் பிழை, போட்டியில் அல்ல. காங்கிரஸ் 2022 அக்டோபரில் நடத்திய தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்கும் சசி தரூர் 1,072 வாக்கும் பெற்றார்கள். தரூர் சொன்ன குறையும் வாக்காளர் பட்டியலைப் பற்றியதுதான். தோற்றவர் கட்சியை விட்டுப் போகவில்லை, கட்சி உடையவும் இல்லை. போட்டியே நடக்காத நம் கட்சிகள்தான் உடைந்திருக்கின்றன. 1993இல் வைகோ தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டபோது ஒன்பது மாவட்டச் செயலாளர்கள் அவரோடு போனார்கள். 2025இல் பா.ம.க.வில் தந்தையும் மகனும் ஆளுக்கொரு பொதுக்குழு கூட்டினார்கள். ஆகஸ்ட் 9இல் மாமல்லபுரத்தில் அன்புமணியின் பொதுக்குழு, 17இல் புதுச்சேரியை அடுத்த பட்டானூரில் ராமதாஸின் பொதுக்குழு. உறுப்பினரின் வாக்கு என்ற அளவுகோல் இருந்திருந்தால், எந்தப் பொதுக்குழு உண்மையான பொதுக்குழு என்ற கேள்வியே எழுந்திருக்காது. பணமும் சாதியும் இப்போதும் உள்ளேதான் இருக்கின்றன. ஒருவரின் தயவில் கிடைக்கும் பதவியை நாடி வரும் பணம் இன்னும் மோசமான பணம்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் உறுப்பினர் பட்டியல். சின்னம் பெற்ற ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினர்களை வாக்காளர் அடையாள அட்டை எண்ணோடு, வார்டு வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலைத் தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன் பூட்டி, ஒரு படியைத் தேர்தல் ஆணையத்தில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். உறுப்பினர் தன் பெயர் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ள வழி வேண்டும். நான் சேரவேயில்லை என்கிறவர் பெயரை எடுக்கவும் வழி வேண்டும். கட்சி விட்டுக் கட்சி உளவு பார்க்கும் ஆபத்து உண்டுதான், ஆகையால் முழுப் பட்டியலையும் வெளியிடத் தேவையில்லை. முன்மொழிகிறவர் மாவட்டச் செயலாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போக வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாதாரண உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் போதும். மனு வாங்கும் இடம் கட்சி அலுவலகமாக இருக்கக் கூடாது, அங்கே அடி விழும் என்பதை 2021 டிசம்பர் புகார்கள் சொல்லிவிட்டன. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையோ தேர்தல் பணியில் பழகிய அரசு அதிகாரியையோ தேர்தல் அதிகாரியாக ஆணையம் அனுப்பலாம், செலவைக் கட்சி கட்டலாம். 2022இல் ஆணையரை அமர்த்தலாம் என்று ஒரு நீதிபதி சொன்னபோது யாரும் அதை விபரீதமாக நினைக்கவில்லை. நிரந்தரத் தலைவர் என்ற ஏற்பாடு ஜனநாயகத்துக்கு விரோதமானது என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் விஷயத்தில் 2022இல் ஆணையம் உறுதியாகச் சொன்னது. அதே ஆணையம் இருபது மாவட்டச் செயலாளர்களின் கையெழுத்தைக் கேட்கும் விதியையும் அதே கண்ணால் பார்க்க முடியும்.

இதைச் சோதித்துப் பார்க்கப் புதிய கட்சி ஒன்று தென்சென்னையிலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகத்தின் தலைமையகம் பனையூரில். அதன் முதல் பொதுக்குழு 2025 மார்ச் 28இல் திருவான்மியூரில் கூடியது. அங்கும் மாவட்டச் செயலாளர்கள் தலைவரால் நியமிக்கப்பட்டார்கள். புதுக்கட்சிக்கு வேறு வழியில்லை என்பதை ஒத்துக்கொள்ளலாம். அந்த நியமனம் எத்தனை ஆண்டுக்கு, அடுத்த மாவட்டச் செயலாளரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை அதன் தலைவர் விஜய் இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.